உமிச்சூடு

புதுவயல் அரவை மில்லில் கொதிகலன் என் பொறுப்பு.
இரவு ஷிப்ட்.
பெல்ட் தளர்ந்தால் அரை நிமிஷத்தில் சொல்வேன்.
எலிவேட்டரில் ஒரு வாளி உரசினால்
சோற்றுத் தட்டை விட்டு எழுந்துவிடுவேன்.
இருபத்திரண்டு வருஷக் காது இது.

செவ்வாய் மதியம் அறந்தாங்கி ரோட்டில்
நெல் லாரி ஒன்று
அவளை அடித்துப் போட்டுவிட்டுப் போனது.
தாரில் கசிந்த பாலை எறும்பு மொய்த்ததைப் பார்த்துத்தான்
குட்டி போட்டவள் என்று தெரிந்தது.
உமிக்குவியலுக்குப் பின்னால்
நாலு.
கண் ஒட்டியிருந்தது, காது மடங்கி ஒட்டியிருந்தது,
தூக்கினால் இரண்டு பிடி நெல்லின் கனம்.

ஆண்டியப்பன் ஆட்டுப்பால் கொண்டுவந்தான்.
இங்க் ஃபில்லரில் சொட்டுச் சொட்டாகக் கொடுத்தேன்.
குடித்தன. பிறகும் கத்தின.
இன்னும் கொடுத்தேன்.
இன்னும் கத்தின.
அரை வயிற்றோடு வளர்ந்தவனுக்கு
எந்தக் கத்தலும் பசியாகத்தான் கேட்கும்.

வயிறு மூன்றுக்கும் மத்தளமாக உப்பிவிட்டது.
காரைக்குடி கால்நடை ஆஸ்பத்திரியில்
மருந்து எடுத்துக் கொடுக்கும் சிகப்பியைப்
போனில் எழுப்பினேன்.
கொட்டாவியோடு கேட்டாள்:
"ஒண்ணுக்குப் போச்சா அண்ணே?"

தானாகப் போகத் தெரியாதாம்.
தாய் நக்கினால்தான் வருமாம்.
நாக்குக்குப் பதில்
வெந்நீரில் நனைத்த பஞ்சு.
கரி ஏறிய இந்தக் கட்டைவிரலால்
அடிவயிற்றில் பட்டும் படாமலும் தடவினேன்.
ஒரு சொட்டு.
பிறகு விரலெல்லாம் வெதுவெதுப்பு.
கத்தல் பாதியில் நின்று
கொட்டாவியானது.

நாலாவதை இரண்டு மணிக்குத்தான் கவனித்தேன்.
அது கத்தவே இல்லை.
சமத்து என்று ஓரமாய் விட்டிருந்தேன்.
தொட்டால்
மார்கழி விடியலில் ஆத்தங்குடிக் கல்லில்
வெறுங்காலை வைத்த மாதிரி இருந்தது.
"பால் குடுத்துறாதீங்க. முதல்ல சூடு."

காலி பிராந்தி பாட்டிலில் வெந்நீர் நிரப்பித்
துண்டைச் சுற்றினேன்.
அதையும் இதையும் சேர்த்துச் சட்டைக்குள் வைத்துப்
பொத்தான் போட்டுக்கொண்டு
பிரஷர் முள்ளைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன்.
அழு, என்றேன்.
அழுது தொலையேன்.
மற்ற மூன்றும் கத்தியபோது
வாயை மூடச் சொன்னவனும் நான்தான்.

நாலரைக்கு எங்கேயோ
எண்ணெய் காணாத கப்பி உரசுகிற மாதிரி
ஒரு சத்தம்.
எந்த மெஷின் என்று எழுந்துபோய்
ஒவ்வொன்றாகக் காது வைத்தேன்.
சட்டைக்குள்ளிருந்து வந்தது.

ஆறு மணிக்குச் சங்கு ஊதியபோது
கூரைப் புறா அத்தனையும் எழுந்து பறந்தன.
நாலும் அசையவில்லை.
காது திறக்க இன்னும் பத்து நாளாவது ஆகுமாம்.
அதுவரைக்கும்
தான் கத்துவது தனக்கே கேட்காது.
கேட்காமலே இவ்வளவு கத்தியிருக்கிறது.

ஷிப்ட் மாற்ற வந்த செவந்தியப்பன்
பிரஷர் எவ்வளவு என்று கேட்டான்.
ரெண்டு மணிக்கு ஒருதடவை பஞ்சு,
என்றேன்.