பதினைந்து நிமிடம்

நிற்கவைத்து எடுத்த படத்தில் புதிதாய் ஒன்றுமில்லை.
மார்புத் தண்டின் கடைசி எலும்பு
மிதிபட்ட தீப்பெட்டி போல் நசுங்கியிருந்தது.
அந்த வயதில் பலருக்கும் அப்படித்தான்.
காசநோயா, புற்றா என்று
அர்ஸ்லான்போப்பிலிருந்து சீட்டு எழுதி
ஜலாலாபாத்துக்கு அனுப்பியிருந்தார்கள்.

எப்போது விழுந்தீர்கள் என்றேன்.
விழவே இல்லை என்றார் ஹுர்ஷிதா.
பிறகு, கையுறையைக் கழற்றிக்கொண்டே,
"அக்டோபரில், அக்ரூட் உலுக்கும்போது.
பெரிய உயரமில்லை, சருகில்தான் உட்கார்ந்தேன்.
பத்து நாள் வலித்தது, போய்விட்டது.
போனதை எதற்குச் சொல்ல?"

குளிர்காலம் முழுக்க மாவு பிசைந்தார், பனி தள்ளினார்,
மகள் கல்யாணத்தில் விடியும்வரை ஆடினார்.
உள்ளே எலும்பு
ரத்தம் வந்து சேராமல் பட்டினி கிடந்து
சத்தமின்றிச் செத்துக்கொண்டிருந்தது.
மார்ச்சில், வாணலி மாட்டும் ஆணி எட்டவில்லை.
யாரோ உயர்த்தி அடித்துவிட்டார்கள் என்று
மருமகளோடு சண்டை.

டாக்டர் நுர்ஜமால் சீட்டை இரண்டு முறை படித்தார்.
"படுத்தால் குறைகிறதா?"
"குறைகிறது."
"எழும்போது?"
"கத்தி."
"தோலொகோன், மல்லாக்கப் படுக்கவை.
போர்வையைச் சுருட்டி முதுகடியில் கொடு.
பதினைந்து நிமிடம் பொறு. அப்புறம் எடு."

வெளியே வரிசை முணுமுணுத்தது.
நான் கடிகாரத்தைப் பார்த்தேன்.
அவர் கூரையைப் பார்த்தபடி
இங்கே கிலோ என்ன விலை போகிறது என்று விசாரித்தார்.

படம் வந்தது.
நசுங்கிய எலும்பு வாய் திறந்திருந்தது.
நடுவே, கிடையாக, கறுப்பாய் ஒரு கீற்று:
காற்று.
கட்டி இடத்தை அடைத்துக்கொள்ளும்; சீழும் அப்படியே.
இப்படி வெறுமையை விட்டுவைப்பது
பெரும்பாலும் செத்த எலும்புதான்.

ஓஷில் எடுத்த காந்தப் படத்தில்
அதே பிளவில் நீர் வெள்ளையாய்த் தேங்கியிருந்தது.
வியாழக்கிழமை குப்புறப் படுக்கவைத்து
இரண்டு ஊசி வழியே, பற்பசைப் பதத்தில், சிமெண்ட்.
மிச்சத்தை நர்ஸ் உள்ளங்கையில் உருட்டியபடி நின்றாள்.
அது சூடேறிக் கல்லானதும்
"இறுகிவிட்டது" என்றாள்.

அந்த உருண்டையைக் கேட்டு வாங்கினார் ஹுர்ஷிதா.
காதருகே வைத்துக் குலுக்கினார்,
சந்தையில் சொத்தைக் காயைக் கண்டுபிடிக்கும் கை.
ஆடவில்லை உள்ளே எதுவும்.
பையில் போட்டுக்கொண்டார்.

நடந்துதான் போனார். முழுக்க நிமிரவில்லை,
மூன்று சென்டிமீட்டர் போனது போனதுதான்.
மருமகள் ஆணியை இறக்கி அடித்திருக்கிறாளாம்.