ஆம்

எங்கள் பக்கத்தில் சம்மதத்துக்கு ஓம்.
ஆம் இருப்பது பள்ளிக்கூடப் புத்தகத்தில்.
அதை விட்டால்
ஆரோ சொல்லி ஆரோ கேட்டதன் வாலில்.

வருமாம்.
ஆவணியிலாம்.
இரண்டு காட் போடலாமாம்.
ஒற்றை மெழுகுதிரி வெளிச்சம் போதுமாம்,
பொம்பிளையின் மூக்குத்திக் கல் எண்ணலாமாம்.
உள்ளே கண்ணாடி வைத்துச் செய்வதில் இதுதான் கடைசியாம்
(இது நாலாவது கடைசி).
விலை மட்டும்
ஒருவர் வாயிலும் ஆம் போட்டு வரவில்லை.

கசிந்த படம் ஒன்று போனுக்குப் போன் தாவியது.
உலகத்திலேயே கூர்மையான கமராவை
ஆரோ மேசைக்குக் கீழே பிடித்துக்
கை நடுங்க எடுத்த படம்.
மத்திய வீதி ஸ்டூடியோவில் லைட்டை அணைத்துவிட்டு
ஜெஸீல் அதைப் பெரிதாக்கினான், பெரிதாக்கினான்,
புதுப் பொத்தான் ஒன்றைக் கண்டுபிடித்தான்.
எனக்குத் தெரிந்தது ஒரு சூடை மீன்.

என்னுடையதற்கு ஒன்பது வயது.
இரண்டு இலட்சத்து நாற்பதினாயிரம் தரம் இமைத்த கண்.
உப்புக்காற்றில் உரிந்த கைப்பிடிக்குச்
சைக்கிள் டியூப் வெட்டி ஒட்டியிருக்கிறேன்.
தாலி ஏறும் நேரம் அது போடும் 'டக்'குக்கு
கோணேசர் கோயில் ஐயர் ஒருமுறை
மந்திரத்தை நிறுத்தித் திரும்பிப் பார்த்தார்.

கப்பல் வந்திட்டுதாம் என்ற ஒரு சொல்லுக்கு
வெறும் கான்களோடு மூன்று நாள்
வரிசையில் படுத்தெழும்பிய ஊர்.
எண்ணெய்த் தாங்கிகள் சீனக்குடாவில்தான் நின்றன,
நாங்கள் ஆமைப் பிடித்துக்கொண்டு நின்றோம்.
எங்களுக்கு ஒரு கமராவைக் காத்திருப்பது
பெரிய வேலையா?

சரி, சொல்லிவிடுகிறேன்.
ஆவணி என்றது நான்.

ஜெஸீல் கொழும்புக்கு வெளிக்கிட்ட இரவு.
சட்டைப் பையில் காசு, பைக்கு மேலே கை.
இப்போது கடையில் இருப்பதை அவன் வாங்கிவிட்டால்
நிலாவெளி தொடங்கி மூதூர் வரைக்கும்
கல்யாணமெல்லாம் அவனுடையது.
பஸ் நிலையத்தில் மான் ஒன்று
டிக்கெட் துண்டு மென்றுகொண்டு நின்றது.
"பொறடா, ஆவணியில புதுசு வருகுதாம்,
இதின்ர விலை விழுமாம்" என்றேன்.
இரண்டு ஆம். பஸ் அவன் இல்லாமல் போனது.
கிண்ணியாவுக்கு அவனை மோட்டார் சைக்கிளில்
நான்தான் கொண்டுபோய் விட்டேன்.
பாலத்துக் காற்றில் அவன் ஏதோ நன்றி சொன்னான்.
கேட்காதது போல் ஓடினேன்.

மூன்றாம் கிழமை டொரொண்டோவிலிருந்து வரோதயன்:
"மச்சான், ஆவணி இருபத்தெட்டாம்."
திகதிக்கும் வதந்திக்கும் ஒரே வால்.
அறுநூற்றெழுபது கிராமாம், அதையும் சொன்னான்.
என் பொய்க்கு நிறை வந்துவிட்டது.
கடல் கடந்து, பனியில் நடந்து,
கோட்டுப் போட்டுத் திரும்பி வந்து
என் வாசலிலேயே மணி அடிக்கிறது.
என்ன செய்வது,
நம்பினேன்.
கழிவு கூடப் போனாலும் பரவாயில்லையென்று
அந்த மாதமே சீட்டை எடுத்தேன்.

ஆவணி இருபத்தெட்டு வந்தது.
உப்புவெளி மண்டபத்தில் ஒரே கல்யாணம்,
பொம்பிளை வீட்டுக்கு நான், மாப்பிள்ளை வீட்டுக்கு ஜெஸீல்.
இரண்டு பழைய கண்ணாடிகள்
மாறி மாறி டக், டக்.
என் பற்றரி செத்தது. அவன் தன்னுடையதில் ஒன்றைக்
கேளாமலே எறிந்தான், பிடித்தேன்.
"அண்ணா, வடிவா வருமா?"
என்று கேட்டது பொம்பிளை, வியர்வையை ஒற்றியபடி.
ஓம் என்றேன்.

பந்தியில், பாயசத்துக்குக் காத்திருக்கையில்
ஜெஸீல் காதோரம் குனிந்தான்:
"தையிலயாம்."

ஆர் சொன்னது என்று நான் கேட்கவில்லை.
விலை கேட்டேன்.