நான்கெல்லை

டெம்ப்ரி கவுன்டியில் ஒரே ஒரு சிக்னல் விளக்கு.
அதுவும் மஞ்சளில் மட்டும் கண் சிமிட்டும்.
எதிரே நீதிமன்றம், தரைத்தளத்தில் பத்திரப் பதிவு,
பத்தொன்பது வருடமாக அங்கே நான்.
வரி வாங்கும் ஜன்னலும் என்னுடையதே.
சின்னக் கவுன்டி, ஆளுக்கு இரண்டு நாற்காலி.

இந்த மண் கைமாறிய கதையெல்லாம்
என் முதுகுக்குப் பின்னால் அலமாரியில்.
அந்தக் காலத்துச் சர்வேயர்கள் மரத்தை நம்பினார்கள்.
'மூன்று வெட்டு விழுந்த சைப்ரஸில் தொடங்கி
கிழக்கே எண்பது கோல் போய்
விதவை கேஸ்கில் வீட்டு ஓக் மரம் தொட்டு
கரையோடு கரையாக வளைந்து
தொடங்கிய இடம் சேர்வது.'
தொடங்கிய இடத்தில் இப்போது
யாரோ போட்ட நண்டுக்கூட்டின் மிதவை.

அதே புத்தகங்களில், அதே முத்தான கையெழுத்தில்,
பசு இரண்டு, கலப்பை ஒன்று,
ஜூடா என்னும் பெண் ஒருத்தி.
விற்றவர் ஸ்விண்டெல்.
என் பெயரின் பின்பாதியும் ஸ்விண்டெல்.
அந்தப் பக்கத்தை நகல் எடுக்க யாராவது கேட்டால்
காசு வாங்குவதில்லை.
வேறென்ன செய்ய, தெரியவில்லை.

ஒவ்வொரு ஜனவரியும் எல்வுட் செல்பி வருவார்.
ரப்பர் பூட்ஸ், சிப்பி மணக்கும் கோட்டு.
பதினோரு டாலர் நாற்பது சென்ட்,
சில்லறை சரியாக.
மூன்றே கால் ஏக்கருக்கு நிலவரி.
மூன்றே காலும் தண்ணீருக்கு அடியில்.

ஆயிரத்து எண்ணூற்று எழுபத்து நான்கு.
சிப்பி அள்ளிச் சேர்த்த பணத்தில் வாங்கியது.
வாங்கியவர் சைலஸ் செல்பி, ஜூடாவின் மகன்.
கையெழுத்து இருக்கவேண்டிய இடத்தில்
ஒரு பெருக்கல் குறி,
பேனா முனை காகிதத்தைக் கிழிக்கும் அளவுக்கு
அழுத்திப் போட்டது.

தலைநகரிலிருந்து கடிதம் வந்திருக்கிறது:
அலை ஏறிய நிலம் அரசுக்குச் சொந்தம்.
பட்டியலிலிருந்து நீக்குக.

சனிக்கிழமை தீயணைப்பு நிலையத்தில் மீன் விருந்து.
வண்டிக்குப் புது பம்ப் வாங்க.
ஞாயிறானால் இந்தச் சர்ச்காரர்
அந்தச் சர்ச் வாசலை மிதிக்கமாட்டார்.
எண்ணெய்ச் சட்டிக்கு மட்டும் அந்த வித்தியாசம் தெரியாது.
மடவை மீன் பொரிந்தது.
டார்க்கஸ் பிளவுண்ட் வரிசையை அதட்டினாள்.
இந்த வருடம் பள்ளி முடிப்பவர்கள் ஒன்பது பேர் என்றார்கள்,
அதில் இரண்டு பேர் இரட்டையர்.
எல்வுட்டின் தட்டருகே உட்கார்ந்து
கடிதத்தைச் சொன்னேன்.
முள்ளை நிதானமாக எடுத்து ஓரம் வைத்தார்.
'நாளைக்கு நீர் வற்றும். படகுக்கு வா.'

நின்றபடியே செத்த பைன் மரங்கள்,
எலும்பு நிறத்தில், இரு பக்கமும்.
வயலை வடிக்க வெட்டிய வாய்க்கால் வழியே
உப்பு உள்ளே நடந்து வந்துவிட்டது.
ஓரிடத்தில் மோட்டாரை நிறுத்தினார்.
கழியால் குத்திக் குத்திப் பார்த்தார்.
சேறு, சேறு, சேறு,
டொக்.
'கையை விடு' என்றார்.

பிப்ரவரித் தண்ணீர், தோள் வரை.
வழுவழுத்த அடிமரம்.
பாசிக்குக் கீழே ஒரு வெட்டு.
அதற்குக் கீழே ஒன்று.
அதற்கும் கீழே தேடுவதற்குள்
விரல் மரத்துப் போயிற்று.
எது மரம், எது விரல் என்று
எனக்கே தெரியவில்லை.
அவர் ஃபிளாஸ்க் மூடியில் காபி ஊற்றி நீட்டினார்.
நிலத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.
டார்க்கஸ் உப்பை அள்ளிப் போட்டுவிட்டாள் என்றார்.

திங்களன்று தலைநகருக்கு எழுதினேன்:
'எல்லை மரம் நேரில் தொட்டுப் பார்க்கப்பட்டது.
வெட்டுகள் மூன்றில் இரண்டு உறுதி.
மூன்றாவதற்குக் கோடை வரை அவகாசம் தேவை.'
பொய்யில்லை. முழு உண்மை என்றும் சொல்லமாட்டேன்.

பதில் வரவில்லை.
அடுத்த ஜனவரியின் ரசீதை எழுதி வைத்திருக்கிறேன்,
செல்பி, மூன்றே கால், பதினோரு டாலர் நாற்பது.
தேதி மட்டும் பாக்கி.