கம்பிப்பாட்டில் முதல் அத்தியாயம்

சோலார் பலகை தந்தது முப்பத்தொரு சதம்.
அதற்குள் முடிந்தாக வேண்டும்.
கரைவலைக் குவியல்மேல் ஒரே ஃபோன்,
நாங்கள் ஐந்து பேர்.

பத்தாம் நிமிடமே ரெய்மண்ட் ஆரம்பித்துவிட்டான்:
'இம்புட்டுப் பெரிய கப்பல், ஒரு பொட்டுத் துரு இல்ல.
ஒருத்தனுக்கும் வாந்தி வரல.'
ஜெனோவாவுக்கு அந்த இன்ஜினியர் பெண்ணைப் பிடித்துப்போனது.
பேசுமுன் மூக்கைச் சொறிகிறாள்;
'நெசமா வேலை பாக்குறவ அப்படித்தான்.'

வெற்றிடத்தில் சத்தமே கேட்காதென்று
நம்புச்செல்வம் கத்த,
'அப்ப வெடிச்சா எப்படிடா தெரியும்?' என்றான் அந்தோணிப்பிச்சை.
'கரண்ட் போன மாதிரி' என்று யாரோ சொன்னார்கள்.
அது நான்தான்.

டப்பிங் சகிக்கவில்லை.
'விண்வெளி ஆணையரே!' என்று
ரேஷன் கடை அறிவிப்புக் குரல்.
ஆனால் அந்த இரண்டு நிலா!
இரண்டு இருந்தால் வெள்ளம் எப்படி ஏறும்,
நீவாடு எந்தப் பக்கம் இழுக்கும்,
கதையை நிறுத்திவிட்டுச் சண்டை.
சார்ஜ் பதினான்கு.

கடைசிக் காட்சி.
பெயர் வைக்காத கோளிலிருந்து ஒரு சிக்னல்.
மூக்கைச் சொறிந்தாள். வாய் திறந்தாள்.
படம் நின்றது. வட்டம் சுற்றியது.
பிறகு, மேலிருந்து இறங்கியது ஒரு குறுஞ்செய்தி:
இலங்கைக்கு உங்களை வரவேற்கிறோம்.

வழக்கமாய்ச் சிரிப்போம்.
ரெய்மண்டின் மச்சான் நான்கு மாதமாய்
யாழ்ப்பாணச் சிறையில்.
ஃபோனை அவன் வாங்கி
கொஞ்ச நேரம் பிடித்திருந்தான்,
காதில் அல்ல,
கை நீட்டி, கடல் பக்கமாய்.

'சார்ஜ் ஆறு' என்றாள் ஜெனோவா.
'இருக்கட்டும்.'