வறுத்த விதை

லூரியோ ஆற்றுக்கு வடக்கே
ஆளுக்கு ஒரு படி பருத்தி விதை அளந்தார்கள்.
அளந்தவன் கம்பெனிக்காரன்.
கூட நின்ற சிப்பாய் எங்கள் பக்கத்து ஊர்,
மரவள்ளி தின்று வளர்ந்த பல்லால்
போர்த்துக்கீசியத்தைக் கடித்துக் கடித்துப் பேசுவான்.

பீரங்கி வந்தபோது எங்கள் ஆண்கள் வில்லெடுத்தார்கள்.
அவர்கள் மேல் இப்போது
முந்திரி மரங்கள் நிற்கின்றன.
தப்பியவர்களை ரயில்பாதை வேலைக்கு ஓட்டிப்போனார்கள்.
மிஞ்சியது நாங்கள்.
எங்களிடம் மிஞ்சியது சட்டி.

முவாஹேராதான் முதலில் சொன்னாள்.
சொன்னாள் என்றுகூடச் சொல்ல முடியாது;
விதையைப் பார்த்தாள், அடுப்பைப் பார்த்தாள்.

அன்றிரவு ஏழு குடிசைகளில் சட்டி காய்ந்தது.
கருகக் கூடாது, நிறம் காட்டிக்கொடுக்கும்.
பச்சையாகவும் விடக் கூடாது.
காய்ச்சல்காரக் குழந்தையின் நெற்றியைப்போல்
தொட்டுத் தொட்டுப் பார்த்து
உள்ளே இருக்கும் உயிர் மட்டும் போகும்வரை
வறுத்தோம்.
வாசனையை மறைக்கக் கருவாடு சுட்டோம்.

விடிந்ததும் குனிந்து விதைத்தோம், நூல் பிடித்ததுபோல்.
இவ்வளவு ஒழுங்காக நாங்கள்
ஒருநாளும் விதைத்ததில்லை.

மழை வந்தது, நல்ல மழை.
புல் வந்தது. களை வந்தது.
பருத்தி வரவில்லை.

துளை போட்ட மரக்கட்டையால் உள்ளங்கையில் அடித்தார்கள்.
துளைக்குள் சதை எழும்பும், வட்ட வட்டமாக.
முவானாஷாவின் கை அந்த வருடம் உலக்கை பிடிக்கவில்லை.
அவளுக்கும் சேர்த்து இடித்தோம்.
யாரும் வாய் திறக்கவில்லை.

பிறகு கண்ணாடி போட்ட ஒருவன் வந்து
மண்ணைக் கிளறினான், முகர்ந்தான்,
சீசாவில் போட்டுத் தக்கையால் அடைத்தான்.
'மண்ணையும் கைது பண்ணிட்டாங்க'
யாரோ முணுமுணுத்தாள்.
சிரிப்பை இருமலாக்கினோம்.

அப்போதுதான் பார்த்தேன்.
மூன்றாம் வரிசையில், அவன் பூட்ஸுக்கு ஒரு சாண் தள்ளி,
இரண்டு இலை.
என் சட்டியில் சூடு படாமல் தப்பிய ஒன்று.
தளதளவென்று, வெட்கமில்லாமல்.

களை எடுக்கிறவள்போல் குனிந்தேன்.
பிடுங்கி வாயில் போட்டேன், வேரோடு, மண்ணோடு.
சிப்பாய் பார்த்துவிட்டான்.
நான் மெல்லுவதை நிறுத்தவில்லை.
அவன் தாடையும் ஒருமுறை அசைந்தது.
பிறகு ஆற்றுப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

'இந்த நிலத்துக்குப் பருத்தி ஆகாது'
என்று எழுதிக்கொண்டு போனான் கண்ணாடிக்காரன்.

அந்தப் பருவம் மரவள்ளி நட்டோம்.
பல்லிடுக்கில் இன்னும் அந்தக் கசப்பு.
நல்ல செடிதான் அது.
மண்ணும் நல்ல மண்.