மைக் டெஸ்டிங்

ரோபோவின் எடை மூன்று கிலோ.
டிரில் மெஷின் மோட்டார், ஒரு சாட்டை,
பட்டுச் சட்டைக்குள் ஒரு ஸ்பீக்கர்.
ஓடுபாதையை ஒட்டி லேண்ட் குரூசரை விரட்டியபடி
அபூ மிஷ்அல் வயர்லெஸ்ஸில் கத்துவார்.
ஒட்டகத்தின் முதுகில் அவர் குரல் கத்தும்.
முதலில் குரல், அப்புறம் சாட்டை.
முதலில் குரல், அப்புறம் சாட்டை.
ஒரு மாதத்தில் சாட்டை தேவைப்படாது.
குரலே சுளீரென்று விழும்.

ஷஹானியாவில் எனக்கு சால்டரிங் வேலை.
மணல் புகுந்த ஸ்பீக்கரைத் திறந்து ஊதி
மூடியபின் பேசிப் பார்க்க வேண்டும்.
என்ன பேசுவது?
மன்னார்குடியில் சவுண்டு சர்வீஸில் இருந்தபோது
வாயில் ஒட்டிக்கொண்டதுதான் வந்தது:
"ஹலோ, மைக் டெஸ்டிங், ஒன் டூ த்ரீ."
பிறகு பையிலிருந்து
பேரீச்சை ஒன்று எனக்கு,
ஒன்று, வேலிக்கு மேல் தலை நீட்டும் ஸும்ராவுக்கு.
கற்றுக்கொடுக்கிறேன் என்று
நான் நினைக்கவேயில்லை.

வெள்ளிக்கிழமைப் பந்தயம்.
நாலாவது கிலோமீட்டரில் அவள்தான் முன்னால்.
கூடாரத்தில் உதிரி செட் ஒன்றைச் சோதித்துக்கொண்டிருந்தேன்.
சேனல் மாறிக் கிடந்தது தெரியாது.
அவள் முதுகிலிருந்து என் குரல்.
நின்றுவிட்டாள்.
பின்னால் வந்த பதினோரு ஒட்டகங்கள்
புழுதியாய்த் தாண்டிப் போக
கழுத்தை வளைத்துத் தன் முதுகையே முகர்ந்தாள்,
பட்டுச் சட்டையில் பை எங்கே என்று.

"நீ கெடுத்ததை நீயே திருத்து, ரேடியோ."
என் பெயர் அவருக்குத் தெரியாது.
அரை மாதச் சம்பளம் பிடித்தம்.
அன்றிலிருந்து அந்த வண்டியின் ஹார்ன் கேட்டாலே
எனக்கு வயிறு சுருங்குகிறது.

சூடான்காரர் பகீத் சொன்னார்:
அடிக்க வேண்டாம்.
சொல், கொடுக்காதே. அவ்வளவுதான்.

சொன்னேன். கொடுக்கவில்லை.
முதல் நாள் வந்தாள், காத்திருந்தாள், போனாள்.
மூன்றாம் நாள் இன்னும் மோசம்.
நான் இருமினால்கூட ஓடி வந்து
சட்டையைக் கவ்வி இழுத்தாள், பித்தான் தெறித்தது.
பகீத் சிரித்தார்:
பூட்டிய கடையைத்தானே பலமாகத் தட்டுவோம்.

ஒன்பதாம் நாள் பாதி தூரம் வந்தாள்.
அப்புறம் தலையை மட்டும் தூக்கினாள்.
பத்தொன்பதாம் நாள் நான் "த்ரீ" சொல்லி முடித்தபோது
வேறெங்கோ பார்த்து அசைபோட்டுக்கொண்டிருந்தாள்.
பட்டறை ஏட்டில் எழுதினேன்: சரியாகிவிட்டது.
எழுதாத கை
எப்போது பைக்குள் போனதோ,
பழைய கொட்டை ஒன்றைப் பிடித்திருந்தது.

ஈத் விடுமுறை பன்னிரண்டு நாள்.
திரும்பி வந்து ஷட்டரைத் தூக்கி
தூசி தட்டி
முதல் ஸ்பீக்கரை வாயருகே வைத்தேன்.
"ஹலோ"

வேலிக்கு அப்பால் ஒரு காது,
ஒரே ஒரு காது
திரும்பியது.

ஏட்டில் இன்றைக்கும்
சரியாகிவிட்டது என்றுதான் இருக்கிறது.