எட்டு மதிப்பெண் வினா

பாளையங்கோட்டை, ஏப்ரல். விடைத்தாள் திருத்தும் ஹாலில்
மின்விசிறி வெயிலைத்தான் சுற்றிவிடுகிறது.
நாற்பத்தோராம் வினா:
காப்பியத்தில் நன்மையும் தீமையும்
அணிகளால் உணர்த்தப்படுமாற்றை விளக்குக.

விடைக்குறிப்பு என் இடது கைக்கு அடியில்.
நாயகனுக்குத் தாமரை, பகைவனுக்கு நெருப்பு.
அவன் வரவுக்குத் தென்றல், இவன் வரவுக்கு நரியின் ஊளை.
உவமைக்கு இரண்டு, உருவகத்துக்கு இரண்டு,
தற்குறிப்பேற்றம் தொட்டிருந்தால் கூட ஒன்று.
காலையிலிருந்து இருபத்திரண்டு தாமரை திருத்தியாயிற்று.
எல்லாம் ஒரே நோட்ஸ் குளத்தில் பூத்தவை.

அடுத்த தாள். எண் மட்டும்தான், பேர் கிடையாது.
பையனா பெண்ணா தெரியவில்லை.
எழுத்தில் மட்டும் செம்மண் ஒட்டியிருக்கிறது:

'எங்கள் தேரியில் நரி தினமும் ஊளையிடும்.
எந்தக் கெட்ட ராஜாவும் வந்ததில்லை.
பனம்பழம் விழுந்த சத்தத்துக்கே அது ஊளையிடும்.'

சிரித்துவிட்டேன்.
"என்ன டீச்சர், தாமரையில முள்ளா?" என்கிறாள்
பக்கத்து மேசை ஞானசெல்வி.

'நாயகன் நிறம் கார்மேகம் என்கிறார் புலவர். அது அருளாம்.
பகைவன் படையும் கார்மேகம் என்கிறார். அது அச்சமாம்.
மேகம் ஒன்றுதான்.
மலைமேல் நின்று களக்காட்டுக்கு மழையாகும்.
எங்களுக்கு நிழலை மட்டும் காட்டிவிட்டுக் கடலுக்குப் போய்விடும்.
ஆகவே நன்மை தீமை மேகத்தில் இல்லை,
பாடுகிறவர் எந்த ஊரில் நின்றார் என்பதில் இருக்கிறது.'

'ஆகவே'வுக்கு அடியில் ஸ்கேல் வைத்து ஒரு கோடு.

'பகைவன் பேர் தனியாக வருவதே இல்லை.
கொடிய, வஞ்சக, அறம் மறந்த என்று
முன்னால் ஒரு அடைமொழி, கோர்ட்டுக்குக் கூட்டிப் போகிற
போலீஸ்காரர் மாதிரி கூடவே வரும்.
அவன் செத்து விழுந்த பாட்டில்தான் புலவர் அதை அவிழ்த்துவிடுகிறார்.
அவன் மனைவி வந்து வெறும் பேரைச் சொல்லி அழுகிறாள்.
அந்தப் பாட்டுதான் காப்பியத்திலேயே நல்ல பாட்டு.'

அதற்குக் கீழே ஒரு வரி, அடித்திருக்கிறது.
அடித்ததை வாசிக்கக் கூடாது என்பது விதி.
வாசித்தேன்.

'எங்க அண்ணனுக்கும் பேப்பர்ல போட்டாங்க, பிரபல ரவுடின்னு.
வீட்டுல அவன'

அதற்குமேல் பேனா பல தடவை போய் வந்திருக்கிறது.
தாளின் மறுபக்கம்வரை மை.
பேர் தெரியவில்லை.

அந்தப் பேப்பரை நானும் பார்த்திருப்பேன்,
ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டில், டவுன் பஸ்ஸுக்கு நிற்கையில்.
அடைமொழிவரைக்கும் வாசித்துவிட்டுப்
பக்கத்தைத் திருப்பியிருப்பேன்.

முதன்மைத் தேர்வாளர் துரைப்பாண்டி சார் பின்னால் வந்து நிற்கிறார்.
"தாமரையும் காணோம் நெருப்பையும் காணோம். உருவகம் எங்க இருக்கு?"
போலீஸ்காரரைக் காட்டுகிறேன்.
"அது உவமைல்லா? 'மாதிரி' வந்திருக்கு பாருங்க."

சரிதான். மாதிரி வந்திருக்கிறது.

போலீஸ்காரருக்கு இரண்டு. மேகத்துக்கு இரண்டு.
புலவரை நம்பாத நரிக்கு ஒன்று.
ஐந்து என்று எழுதிச் சுழித்தேன்.
அடித்த வரிக்கு மதிப்பெண் கிடையாது.
சிவப்பு மை அதில் பட்டுவிடாமல்
காயும்வரை தாளைக் கையிலேயே பிடித்திருந்தேன்.